பக்கத்துக் காம்பிராவில் கடல்

போன மாதம் நமது தோட்டத்து வாசகசாலையில் நடந்த கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். வயதானவர்களை வீட்டு ஆட்களே வதைப்பதைப் பற்றிப் பேச ஒரு பெண்பிள்ளை ஹட்டனிலிருந்து வந்திருந்தாள். பேசி முடித்துவிட்டு, "ஒங்களுக்குத் தெரிஞ்சு இந்தத் தோட்டத்துல அப்பிடி ஏதாச்சும் நடந்திருக்கா?" என்று கேட்டாள். நாம் எல்லோரும் தரையைப் பார்த்தோம். ஐம்பது வயது தாண்டிய பத்துப் பன்னிரண்டு பேர், கணக்குச் செய்யாமல் பள்ளிக்கூடம் வந்த பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தோம். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, நல்லது என்று சொல்லிப் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

எனக்குக் கூட்டத்தில் பேச வராது, அது உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுதுவதும் மெதுவாகத்தான் வரும். ஆனாலும் எழுதுகிறேன். இது நடந்த அன்றைக்கு, பன்னிரண்டு காம்பிரா வீடுகள் ஒட்டி வரிசையாக இருந்த அந்த லயத்தில்தான் நீங்களும் இருந்தீர்கள்.

அப்போது தலைமன்னாரிலிருந்து கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு அரசாங்கமும் செய்த ஒப்பந்தத்தில் இந்தியாவுக்குப் பெயர் விழுந்தவர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். கொட்டகலை ஸ்டேசனில் அவர்களை ஏற்றிப்போகும் ரயிலுக்கு நம் ஆட்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஒரே வீட்டில் மகனுக்கு இந்த நாட்டுப் பிரஜாவுரிமை கிடைக்கும், அப்பாவுக்கு இந்தியா பாஸ்போர்ட் வரும். பக்கத்துக் காம்பிராவில் அப்படித்தான் நடந்தது. தாத்தாவுக்கு மட்டும் பாஸ்போர்ட் வந்தது.

அவர் எனக்குச் சொந்தத் தாத்தா இல்லை. லயத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் அவர் தாத்தா. அவருடைய மகனை மாமா என்றும் மருமகளை அத்தை என்றும் கூப்பிடுவேன். தாத்தாவுக்கு ஏற்கெனவே புத்தி கொஞ்சம் தடுமாறியிருந்தது. தேயிலைச் செடியோடு பேசுவார். செத்துப்போன பொண்டாட்டிக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொல்லுவார். ஆனால் கருவாட்டு வாசம் வந்தால் மட்டும் எல்லாம் தெளிந்துவிடும். "இன்னிக்கு யாரு வீட்ல?" என்று கேட்டுக்கொண்டு நீலக் கரை போட்ட தகரக் கோப்பையோடு வந்து நிற்பார்.

அவரை அனுப்பிய நாள் உங்களுக்கு நினைவிருக்கும். மாலை போட்டோம். பெண்கள் கட்டிப்பிடித்து அழுதார்கள். கறுப்புக் கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "திருவிழாவாடா? யாருக்குடா மாலை?" என்று அவர் சிரித்தார். மாமாதான் கப்பல் வரைக்கும் கூடப் போனார். நான்காம் நாள் விடியற்காலை மழையில் தனியாக வந்தார் என்று எல்லோரும் நம்பினோம். "ஏத்திட்டேன்" என்ற ஒரே வார்த்தைதான் சொன்னார்.

அதற்குப் பிறகு அத்தை அடுப்பை இஸ்தோப்புக்கு மாற்றினாள். காம்பிராவுக்கு முன்னால் ஓடும் அந்த ஒடுக்கமான இடத்தில், மழைச் சாரலில், புகையோடு மல்லுக்கட்டிச் சமைப்பாள். கேட்டால், "குசினிக் கூரை ஒழுகுது" என்பாள். எங்கள் குசினியும் அவர்கள் குசினியும் ஒரே கூரைக்குக் கீழேதான். எங்களுடையது ஒழுகவில்லை. அதை யாரும் யோசிக்கவில்லை.

மூன்று மாதம் கழித்து எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது. இரண்டு பக்கமும் கழுத்து வீங்கி, முகத்தில் மஞ்சள் பூசி, வேப்பிலையைக் கட்டி என்னைக் குசினியில் படுக்க வைத்துவிட்டு அம்மாவும் அப்பாவும் வேலைக்குப் போய்விடுவார்கள். எல்லோரும் போன பிறகு லயம் எப்படி இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது. மூடுபனி காம்பிராவுக்குள்ளேயே வந்துவிடும். மலைத் தண்ணீர் கொட்டும் பீலியின் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். மேலே சவுக்கு மரங்களில் காற்று இரையும்.

இரண்டாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது.

லயத்தில் சுவர் கூரை வரைக்கும் போகாது. ஒரு வீட்டு இருமல் மூன்று வீட்டுக்குக் கேட்கும். ஆனால் அந்த வீட்டில் பகலில் யாரும் கிடையாது. அத்தை கொழுந்து நிறுத்துப் போட்டுவிட்டு மத்தியானம் வந்து போவாள், அவ்வளவுதான். அன்று மத்தியானம் அவள் வந்தபோது காதைச் சுவரில் வைத்தேன்.

"சத்தம் போடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லியா?" என்று மெதுவான குரலில் சொன்னாள். "கப்பக்காரனுக்குக் கேட்டா கீழ தள்ளிருவான்."

"தண்ணி சத்தம் ரொம்பக் கேக்குதும்மா."

"கடல்ல தண்ணி சத்தம் கேக்காம? வெளிய கால் வைக்காதீங்க. கால் வச்சா கடலு."

அவளுக்குப் பதில் சொன்னது தாத்தாவின் குரல். பிறகு தடியால் சுவரில் டங் டங் என்று அடிக்கும் சத்தம். கப்பல்காரன் அடிக்கிறான் என்று அவள் சொன்னாள். அடித்தது அவள்தான். ஒரு அடி சுவரில் விழாமல் வேறு எதிலோ விழுந்தது. அந்தச் சத்தம் வேறு மாதிரி இருந்தது.

நான் கடலைப் பார்த்ததில்லை. இன்று வரைக்கும் பார்க்கவில்லை. ஆனால் அந்த வாரம் முழுவதும் பீலிச் சத்தம் எனக்குக் கடலாகத்தான் கேட்டது. கண்ணை மூடினால் படுக்கை அசைந்தது.

நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, அடுப்புக்கு மேலே மிலாறு காயப் போட்டிருந்த பரணில் ஏறினேன். கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகள் முழங்காலில் குத்தின. சுவருக்கு மேலே தலையை நீட்டி எட்டிப் பார்த்தேன்.

முதலில் இருட்டு மட்டும்தான். பிறகு மூலையில் கறுப்பாக ஒரு குவியல். அது அசைந்தது. கம்பளிக்குள்ளிருந்து ஒரு முகம் மேலே திரும்பியது. தாடி, குழிந்த கன்னம், நெற்றியில் ஆறாத ஒரு காயம். மஞ்சள் பூசி வீங்கிய என் முகத்தைப் பார்த்து அவர் கைகளைக் கூப்பினார்.

"கரை தெரியுதா, சாமி?" என்று கேட்டார்.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இல்லை என்று சொல்ல மனம் வரவில்லை.

"தெரியுது" என்றேன்.

"எம்புட்டுத் தூரம்?"

"இன்னும் கொஞ்சந்தான்."

அவர் சிரித்தார். தின்ன முடியாமல் கையில் வைத்திருந்த ரொட்டித் துண்டைக் கீழே நீட்டினேன். அவர் சுவரைப் பிடித்து எழுந்து எட்டி வாங்கினார். விரல்கள் என் விரல்களில் பட்டன. காய்ச்சல்காரன் கை மாதிரிச் சுட்டன. அந்தச் சூட்டை மறக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறக்கவில்லை, ஆனாலும் பிறகு அப்படிச் செய்தேன்.

சாயந்தரம் அம்மாவிடம் சொன்னேன். "பக்கத்துக் காம்பிராவுல தாத்தா இருக்காரு."

"காது வீங்கினவனுக்கு என்னென்னமோ கேக்கும், படு" என்றாள்.

"கேக்கல. பாத்தேன். கும்பிட்டாரு."

அம்மாவின் முகம் மாறியது. என் நெற்றியில் திருநீறு பூசினாள். பிறகு, அவள் செய்தது இரக்கத்தில்தான், நேரே அத்தையிடம் போய், "அக்கா, ஒங்க மாமனாரு வந்து நிக்கிறாராம். பையன் கண்ணுக்குத் தெரிஞ்சிருக்காரு" என்று சொன்னாள். அத்தை உலக்கை மாதிரி விறைத்து நின்றாள். பிறகு ஐயோ என்று கத்தினாள். லயமே கூடிவிட்டது.

வேலைக்கும் நல்லது கெட்டதுக்கும் லயத்துக்குத் தலைவரான கங்காணி என்னை நடுவில் நிறுத்தி விசாரித்தார்.

"பயப்படாதடா. பாத்தத மட்டும் சொல்லு. கால் தெரிஞ்சிச்சா?"

நான் மேலேயிருந்து பார்த்தேன். கம்பளி மூடியிருந்தது.

"தெரியல" என்றேன்.

கங்காணி தலையை ஆட்டினார். "போன எடத்துல உயிரு போயிருச்சு. பாவம், கடலத் தாண்டி லயத்தத் தேடி வந்திருக்கு." பிறகு மாமாவிடம் திரும்பினார். "தம்பி, ஏதாச்சும் சேதி வந்துச்சா?"

மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கெட்ட மனிதர் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது விட்டுப்போகும் பிள்ளைக்காம்பிராவில் அழும் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு நிற்பவர்.

"கடுதாசி வந்துச்சு" என்றார். "ஒங்ககிட்ட எப்பிடிச் சொல்றதுன்னுதான் இருந்தேன்."

பெண்கள் மாரில் அடித்து அழத் தொடங்கினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் அது கேட்டிருக்கும்.

பிற்பாடு நான் பெரியவனான பிறகு, தலைமன்னாரில் நடந்ததை மாமாவே என் அப்பாவிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். தாத்தா கடலைப் பார்த்ததும் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவில்லையாம். கூட வர ஆள் இல்லாமல் அவரைத் தனியாக ஏற்ற முடியாது என்றார்களாம். கப்பல் போய்விட்டது. இந்தியாவுக்குப் பெயர் விழுந்த ஆளை வீட்டில் வைத்திருந்தால் பொலிஸ் வரும், காம்பிராவும் போய்விடும் என்ற பயத்தில் மறைத்தாராம். ஆனால் இந்தியாவுக்குப் போகாமல் மேல் லயத்தில் தங்கிவிட்ட இரண்டு கிழவிகள் இருந்தார்களே. ஜீப் சத்தம் கேட்டால் பெண்கள் அவர்களைத் தேயிலைக்குள் உட்கார வைத்துப் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கால் மூடிவிடுவார்கள். மாமா ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தாத்தாவையும் அப்படிக் காப்பாற்றியிருப்போம். அவர் எங்களை நம்பவில்லை. பயம் முதல் வாரத்துக்குத்தான் காரணம். அதற்குப் பிறகு, பூட்டி வைப்பது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நெற்றிக் காயம் பயத்தால் வந்ததல்ல.

கருமாதியை ஞாயிற்றுக்கிழமை வைத்தார்கள். காலையில் ஆற்றோரம் மாமாவுக்கு மொட்டை அடித்தார்கள். உடம்பு இல்லாத கருமாதி என்பதால் மற்றதெல்லாம் சரியாக இருக்க வேண்டும் என்று கங்காணி சொன்னார். படையல் சமையல் எங்கள் குசினியில்தான். சோறு, முட்டை, கருவாட்டுக் குழம்பு. குழம்பு கொதித்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுவது எனக்குக் கேட்டது. அம்மாவுக்கும் கேட்டது. அவள் கரண்டியை வைத்துவிட்டுக் கும்பிட்டாள்.

மத்தியானத்துக்கு மேல் அவர்கள் வாசலில் இலை போட்டார்கள். மூடுபனி இறங்கிவிட்டது. எதிர் வரிசை தெரியவில்லை. ஆட்கள் இடுப்புக்கு மேலேதான் தெரிந்தார்கள்.

"அவர் பொழங்கின பொருள் ஒண்ணு வைக்கணுமே" என்றார் கங்காணி. "அந்தக் கம்பளி எங்க?"

"கொண்டு போயிட்டாரு" என்றாள் அத்தை.

"தேத்தண்ணிக் கோப்பை?"

"அது... அது இருக்கு."

எடுத்து வராமல் தீராது. அவள் உள்ளே போனாள். முன் காம்பிராவைத் தாண்டிக் குசினிக் கதவின் பூட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. நீலக் கரைக் கோப்பையைக் கொண்டுவந்து இலைக்குப் பக்கத்தில் வைத்தாள். அதன் அடியில் இன்னும் பால் ஊற்றாத சாயத்தண்ணீர் ஈரம் இருந்தது. நான் முன்னால் நின்றதால் பார்த்தேன். வந்த அவசரத்தில் குசினிக் கதவை அவள் பூட்டவில்லை.

கங்காணி சூடம் ஏற்றி, "வாங்க, வந்து சாப்பிடுங்க" என்று கூப்பிட்டார். எல்லாக் கருமாதியிலும் கூப்பிடுவதுதான்.

வாசற்படியில் முதலில் வந்தது ஒரு கால்.

வெளுத்த, மெலிந்த கால். அது படியைத் தாண்டித் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றது. கட்டைவிரல் கீழே இறங்கித் தடவிப் பார்த்தது, ஆற்றில் ஆழம் பார்ப்பவர் மாதிரி. மண் பட்டதும் நின்றது. பிறகு அடுத்த கால். பிறகு கம்பளியோடு தாத்தா.

ஒருத்தி மயங்கி விழுந்தாள். சிலர் ஓடத் திரும்பினார்கள்.

"ஓடாதீங்க!" என்றார் கங்காணி. "யாரும் பேசாதீங்க. பசியோட வந்திருக்கு. திங்கட்டும்."

கால் இருந்தது. நான் பார்த்தேன். நீங்களும் பார்த்திருப்பீர்கள். பனி தரையை மூடியிருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னோம்.

தாத்தா எங்களைச் சுற்றிப் பார்த்தார். கைகூப்பி நிற்கும் ஜனங்கள், முன்னால் இலை நிறையச் சோறு. "வந்தாச்சா?" என்று கேட்டார். "இது எந்த ஊருங்க?"

அவர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டார். இரண்டு கையாலும் அள்ளிச் சாப்பிட்டார். சோறு தாடியில் ஒட்டியது. அவர் செத்ததாகச் சொல்லும் வரைக்கும் யாரும் அவருக்கு அப்படி இலை போட்டதில்லை. "தின்னு அய்யா, வயிறாரத் தின்னு" என்று அம்மா முந்தானையைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள். தாத்தா நிமிர்ந்து, "நல்ல சனங்க" என்றார்.

மாமா மொட்டைத் தலையோடு மூன்று அடி தூரத்தில் நின்றார். ஒரு வார்த்தை போதும். இது எங்கப்பா, உயிரோடதான் இருக்காரு. அவரும் கையைக் கூப்பிக்கொண்டார். உயிரோடிருக்கும் அப்பாவைச் செத்தவராக வைத்து எல்லோரோடும் சேர்ந்து கும்பிட்டார்.

"போதும். எல்லாரும் உள்ள போயிக் கதவச் சாத்திக்கங்க" என்றார் கங்காணி. "கூப்பிட்டாலும் தொறக்காதீங்க. தொறந்தா அந்த வீட்லயே தங்கிரும்."

பன்னிரண்டு காம்பிராக் கதவும் மூடின. அந்தச் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக எனக்கு இன்னும் கேட்கிறது. கடைசியாக மூடியது பக்கத்துக் காம்பிராக் கதவு.

பிறகு லயத்தின் மேல் கோடியில் தட்டும் சத்தம் கேட்டது.

"அய்யா, கண்டிச்சீமையிலேருந்து வந்திருக்கேங்க. எங்க அப்பன் இந்த ஊருதாங்க. பேரச் சொன்னா தெரியும்." இந்தியாவில் கரை இறங்கிவிட்டதாக நினைத்து ஒரு பெயரைச் சொன்னார். பதில் வராததும் அடுத்த கதவு. அதே வார்த்தைகள், அதே மரியாதை. அடுத்த கதவு. தான் வந்த கப்பலின், அந்தப் பக்கத்துக் காம்பிராவின், கதவையும் தட்டினார். அங்கேயும் யாரும் திறக்கவில்லை.

பிறகு எங்கள் கதவு.

அப்பாவும் அம்மாவும் குசினியில் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும்தான் கதவுக்குப் பின்னால் நின்றேன். தாழ்ப்பாள் என் கைக்கு எட்டும் உயரம். பலகைகளுக்கு நடுவே ஒரு இடைவெளி உண்டு. அதில் ஒரு விரல் உள்ளே வந்தது. விரலில் ஒரு சோற்றுப் பருக்கை ஒட்டியிருந்தது. கருவாட்டு வாசம் அடித்தது.

"கொழந்த யாராச்சும் இருக்கியாடா? குளுருது" என்றார்.

அந்த விரலின் சூடு எனக்குத் தெரியும். கரை தெரியுது என்று சொன்னவனும் நான்தான். என் கை தாழ்ப்பாளில் இருந்தது. நான் அதை இன்னும் உள்ளே தள்ளி இறுக்கினேன்.

விரல் போய்விட்டது. அடுத்த கதவில் தட்டும் சத்தம் கேட்டது.

எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. மழை பிடித்துக்கொண்டது. அப்போதுதான் பொட்டணி நானா வந்தார். கினிகத்தேனையிலிருந்து துணி மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் லயம் லயமாக வருவாரே, அந்த முஸ்லிம் துணிக்காரர்தான்.

"ஏய்! எல்லாரும் எங்க போயித் தொலைஞ்சீங்க?" என்று பீலிப் பக்கமிருந்து கத்தினார். "மனுசன் நனைஞ்சி கெடக்கிறாரு! கதவத் தொறங்க!"

அப்பா கதவைக் கொஞ்சமாகத் திறந்தார். "நானா, அதத் தொடாதீங்க. அது ஆளில்ல. பேய்."

"பேயா? வேட்டியில மூத்திரம் போயிருக்காரு. எந்த ஊருப் பேயிடா மூத்திரம் போகுது?"

அப்பா அசையவில்லை. நானா மூட்டையை அவிழ்த்து ஒரு புதுச் சாரத்தை உதறித் தாத்தாவைச் சுற்றினார். தோளோடு அணைத்துக்கொண்டார். அப்பாவின் காலுக்கு நடுவிலிருந்து நான் பார்த்தேன். தாத்தா அவருடைய தொப்பியைத் தொட்டுப் பார்த்தார்.

"ராவுத்தரே, இது எங்க ஊருதானா? வந்து சேந்துட்டேனா?"

நானா சாத்தியிருந்த கதவுகளை ஒருமுறை பார்த்தார். "ஆமா பெரியவரே. வந்து சேந்துட்டீங்க."

"அப்ப ஏன் எல்லாக் கதவும் மூடியிருக்கு?"

நானா தாத்தாவைத் தூக்கி முதுகில் போட்டுக்கொண்டு, துணி மூட்டையை மழையிலேயே விட்டுவிட்டு, தோட்டத்து ஆசுபத்திரிக்கு இறங்கிப் போனார்.

மூன்றாம் நாள் தாத்தா செத்துப்போனார். தப்பு அடிக்கவில்லை. ஒரு ஆளுக்கு இரண்டு கருமாதி கிடையாது என்று கங்காணி சொல்லிவிட்டார். நான்கு பேர் மழையில் தூக்கிப் போனார்கள், பின்னால் நானா நடந்தார். மாமாவும் அத்தையும் அந்த வருடமே உடப்புசல்லாவைப் பக்கம் வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். நாம் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. அவர்கள் செய்ததைப் பேசினால் நம்முடைய கதவுகளையும் பேச வேண்டிவரும்.

அந்தக் கோப்பை வாசலிலேயே கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. மழைத் தண்ணீர் நிறையும், வெயிலில் வற்றும். நாம் கிட்டிப்புள் விளையாடும்போது குச்சி அதற்குப் பக்கத்தில் விழுந்தால் யாரும் போய் எடுக்க மாட்டோம், வேறு குச்சி சீவிக்கொள்வோம். உங்களுக்கு நினைவிருக்கிறதா? பிறகு ஒரு நாள் அது அங்கே இல்லை.

அந்தப் பெண்பிள்ளை மறுபடியும் வருவாளாம். கேட்டால் நான் எழுந்து நிற்க மாட்டேன், எனக்குப் பேச்சு வராது. இந்தத் தாள்களை உங்களில் ஒருவரிடம் கொடுப்பேன். சத்தமாக வாசியுங்கள். வாசிக்கும்போது வாசகசாலைக் கதவைத் திறந்தே வையுங்கள். பனி உள்ளே வரும், குளிரும். பரவாயில்லை, வரட்டும்.